போன் விமர்சனம் செய்யும் தமிழ் நண்பர்களுக்கு, வடசென்னை சர்வீஸ் மேசையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள விமர்சகர்களுக்கு,

வணக்கம். தமிழில் போன் செய்தி சொல்கிறவர்கள், பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவர்கள், வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்பு சொல்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் போன் சர்வீஸ் பார்க்கிற சிலர் எழுதுகிறோம். இந்தப் பக்கத்து ஜனம் உங்கள் பேச்சை நம்பித்தான் போன் வாங்குகிறது. உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, மாடல் பெயரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு கடை ஏறுகிறார்கள். உங்களிடம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

கேட்பது ஒன்றுதான். பெட்டியில் அச்சடித்த எண்களைப் படிக்கிற நேரத்தில் பாதியை எடுத்து, அந்த போன் இந்த ஊர் வெயிலையும் உப்பையும் தாங்குமா, கெட்டால் என்ன செலவில் எழும் என்று சோதித்துச் சொல்லுங்கள். எப்படிச் சோதிப்பது என்பதையும் நாங்களே எழுதிவிடுகிறோம்.

முதலில் உப்பு. காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கிற நேரத்தில் ஒரு போன் படுகிற பாட்டை எந்த ஸ்டுடியோவிலும் பார்க்க முடியாது. ஐஸ் உருகின தண்ணீரும் செதிலும் கடல்நீரும் ஒட்டின கையோடுதான் விலை பேசுகிறார்கள், க்யூஆர் ஸ்கேன் பண்ணுகிறார்கள், காசு வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கைக்கு விரல்ரேகை சென்சார் பத்துக்கு எத்தனை தரம் திறக்கும்? ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரையுங்கள், கிட்டத்தட்ட கடல்நீர் வந்துவிடும். அதில் விரலை முக்கி, துடைக்காமல் பத்து முறை வைத்துப் பாருங்கள். பவர் பட்டனோடு சேர்ந்து வருகிற சென்சாரும், திரைக்கடியில் வெளிச்சம் அடித்துப் படம் பிடிக்கிற ஆப்டிகல் சென்சாரும் ஈரத்தில் தடுமாறும். ஒலியலையை வைத்துப் படிக்கிற அல்ட்ராசோனிக் ஓரளவு சமாளிக்கும். எந்த போனில் எது என்று ஒரு வரி, பத்துக்கு எத்தனை என்று ஒரு எண். இதைச் சொல்ல பத்து விநாடி போதும். அதே உப்புத்தண்ணீரைத் திரையில் நாலு சொட்டு விட்டு யுபிஐ பின் அடித்துப் பாருங்கள். மழையிலும் டச் வேலை செய்யும் என்று விளம்பரம் பண்ணுகிற போன்கள் நல்ல தண்ணீரில் ஜெயித்துவிட்டு உப்புத்தண்ணீரில் பின் நம்பரைத் தப்பாக வாங்கலாம். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதை விரல் என்றே டச் எடுத்துக்கொள்ளும்.

ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாத தரக்குறி) என்றதும் போனைக் கண்ணாடி டம்ளருக்குள் போட்டுக் காட்டுகிறீர்கள். அந்தத் தரச்சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. இப்போது ஐபி69 என்றும் சேர்த்துப் போடுகிறார்கள். 80 டிகிரி சூடான தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சுகிற சோதனை அது. இரண்டிலுமே உப்பு கிடையாது. தண்ணீரை வெளியே நிறுத்துவது ஓரத்தில் ஒட்டின பசையும் ரப்பர் கேஸ்கெட்டும்தான். ஒரு தரம் விழுந்து ஃபிரேம் லேசாக வளைந்தாலோ, வெளியே எங்காவது டிஸ்ப்ளே மாற்றினாலோ அந்த எண்ணை நம்பி போனை ஈரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலான கம்பெனி வாரண்டியில் தண்ணீர் சேதம் சேராது. சிம் ட்ரே பக்கத்தில் இருக்கிற சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவப்பாக மாறிவிட்டால் சர்வீஸ் சென்டரில் பேச்சு அதோடு முடிந்தது. டம்ளர் சோதனை செய்கிற ஒவ்வொரு வீடியோவிலும் இதைச் சொல்லுங்கள். தைரியமாகக் கடலோரம் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து போன்களை அதிகம் கொல்வது சார்ஜிங் ஜாக். உங்கள் கேமராவில் மேக்ரோ லென்ஸ் இருக்கிறது, ஒரு பழைய போனின் ஜாக்கை அதில் ஒருமுறை காட்டுங்கள். யுஎஸ்பி-சி ஜாக் நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு, அதன் மேலும் கீழும் சேர்த்து 24 பின்கள். உப்பு ஈரம் பட்ட ஜாக்கில் அந்தப் பின்களுக்கு நடுவே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். வெறும் ஈரம் மெதுவாகத்தான் அரிக்கும். ஈரத்தோடு சார்ஜர் செருகிவிட்டால் கதை வேறு. பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே மின்சாரம் ஓடி, உலோகமே கரைந்து போகும். ஒரு ராத்திரி போதும். ஆரம்பத்தில் ஜாக்கில் ஈரம் என்று எச்சரிக்கை வரும், பிறகு வேகச் சார்ஜ் நின்றுபோகும், பிறகு கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறும், கடைசியில் அதுவும் ஏறாது.

முதல் கட்டத்திலேயே வந்தால் சுத்தம் பண்ணி மீட்டுவிடலாம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் அழுக்கை எடுத்து, 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காயவிட வேண்டும். சேஃப்டி பின்னை விட்டுக் குடையக் கூடாது, நடு நாக்கு முறிந்துவிடும். கேபிள் முனையில் ஒரு பின் கறுத்திருந்தால் கேபிளையும் தூக்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் புது ஜாக்கையும் அது தின்றுவிடும். இதெல்லாம் எங்கள் வேலை. உங்களிடம் கேட்பது இது: நீங்கள் காட்டுகிற போனில் ஜாக் தனி சார்ஜிங் போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கிறதா? தனி போர்டு என்றால் திருகைக் கழற்றி மாற்றுகிற சின்ன வேலை, சின்னச் செலவு. மெயின் போர்டில் என்றால் ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதி சால்டரை உருக்குகிற கருவி) வைத்து எடுக்க வேண்டும். வேலையும் கூட, ஆபத்தும் கூட. போனை முழுதாகப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்களில் இது கண்ணுக்குத் தெரியும். தமிழில் யாரும் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

கடல்நீரில் விழுந்த போனுக்கு இன்னமும் அரிசி டப்பா வைத்தியம் சொல்கிற குறுவீடியோக்கள் சுற்றுகின்றன. அரிசிப் பையில் போடாதீர்கள் என்று ஆப்பிளே 2024 ஜனவரியில் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. அரிசித் தூள் ஜாக்கில் போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். கடல்நீர் விஷயத்தில் அரிசியோ மொட்டைமாடி வெயிலோ உதவாததற்கு இன்னொரு காரணம் உண்டு: தண்ணீர் காயும், உப்பு காயாது. விழுந்த உடனே அணைக்க வேண்டும். ஆன் ஆகிறதா என்று பார்க்கவே கூடாது, சார்ஜ் போடவே கூடாது. கவரையும் சிம் ட்ரேயையும் எடுத்துவிட்டு, ஜாக் கீழே பார்க்கிற மாதிரி பிடித்து உதறித் துடைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுவர வேண்டும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி உப்பை எடுத்து, அதற்குப் பிறகுதான் ஐபிஏ. நேராக ஐபிஏ ஊற்றினால் உப்பு சரியாகக் கரையாமல் சிப்புகளை மூடியிருக்கிற உலோக ஷீல்டுக்கு அடியில் தங்கிவிடும். மூன்று நாள் அரிசியில் வைத்துவிட்டு வருகிற போனில் இந்த வேலை பெரும்பாலும் பலிக்காது. உங்கள் சேனலில் பழைய அரிசி வீடியோ இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. உணவு டெலிவரி பையன்களின் போன் பைக் ஹேண்டில் ஸ்டாண்டில், மேப் ஓடிக்கொண்டு, பிரைட்னஸ் முழுசாக, பவர்பேங்கில் சார்ஜும் ஏறிக்கொண்டு நேர் வெயிலில் நிற்கிறது. லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறக் கூடாது என்பது பொது விதி. அந்தச் சூடு வந்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்க வைக்கும், சார்ஜை நிறுத்தும், பிராசஸரை மெதுவாக்கும். அந்த நேரத்தில்தான் ஆர்டர் வருகிறது. நீங்கள் ஏசி அறையில் அரை மணி கேம் ஆடிக் காட்டுகிற சூட்டுக்கணக்கு இதற்கு உதவாது. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு மொட்டைமாடியில், மேப்பும் டேட்டாவும் சார்ஜும் ஓட விட்டு 30 நிமிஷம் வையுங்கள். எந்த நிமிஷத்தில் திரை மங்கியது, எப்போது சார்ஜ் நின்றது, பேட்டரி எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் பேட்டரி சூடு தெரியும்.

திரை என்றதும் நிட்ஸ் கணக்கு, அதாவது வெளிச்ச அளவு. 4,000 நிட்ஸ், 6,000 நிட்ஸ் என்று நீங்கள் உரக்கப் படிப்பது, ஹெச்டிஆர் வீடியோவில் திரையின் ஒரு சின்ன மூலை மட்டும் ஒரு கணம் எட்டுகிற உச்சம். முழுத்திரையும் வெயிலில் தருகிற வெளிச்சம் அதில் ஒரு பங்குதான், அதைக் கம்பெனிக் காகிதத்திலேயே வேறு வரியில் போட்டிருப்பார்கள். அந்த வரியைப் படியுங்கள்.

பேட்டரி அளவு இப்போது 7,000 எம்ஏஎச்சையும் தாண்டிவிட்டது. சிலிக்கான்-கார்பன் பேட்டரிதான் காரணம், எங்களுக்கும் அதில் சந்தோஷம். ஆனால் சிலிக்கான் லித்தியத்தை உள்வாங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல் விரியக்கூடிய பொருள். அதனால்தான் கார்பனோடு கலந்து கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். இந்த ஊர் சூட்டில், தகரக் கூரை வீட்டில், தலையணைக்கடியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறுகிற போனில் அது இரண்டாம் வருஷம் எப்படி இருக்கும்? இதற்குப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். வாங்கின நாளில் ஒரு வீடியோ போடுகிறவர்கள், பன்னிரண்டு மாதம் கழித்து அதே போனுக்கு இன்னொன்று போடுங்கள். பின்மூடி தூக்கியிருக்கிறதா, திரை ஓரம் வெளிச்சம் கசிகிறதா என்று காட்டுங்கள். இரண்டும் பேட்டரி உப்பலின் அடையாளம். உப்பினதை அமுக்கவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே குப்பை போய்ச் சேருமிடம் கொடுங்கையூர். லாரியில் நசுங்கின லித்தியம் பேட்டரி அங்கே தீயாகத்தான் போய் இறங்கும்.

சார்ஜர் விஷயத்தில் உங்கள் எண்களால் நிறையப் பேர் ஏமாந்து வருகிறார்கள். 80 வாட் என்பது அந்தக் கம்பெனி சார்ஜரும் அதோடு வந்த கேபிளும் சேர்ந்தால்தான். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் அது 10 வாட் போன்தான். 7,000 எம்ஏஎச் பேட்டரி கிட்டத்தட்ட 27 வாட்-மணி, இழப்பையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பெட்டியில் சார்ஜர் வைக்காத போனாக இருந்தால், சார்ஜர் விலையையும் சேர்த்து போன் விலை இவ்வளவு என்று சொல்லுங்கள். மூன்று நேரம் அளந்து காட்டுங்கள்: கம்பெனி சார்ஜரில், ஒரு சாதாரண யுஎஸ்பி பிடி (பல கம்பெனிகளுக்குப் பொதுவான வேகச் சார்ஜ் முறை) சார்ஜரில், பழைய 10 வாட்டில்.

பவர்பேங்க்கும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடத்தில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கரண்டும் இல்லை. 10,000 எம்ஏஎச் என்றால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தரம் நிரப்பும் என்று நம்பியிருக்கிறவர்களுக்குக் கணக்கு இப்படி: அந்த 10,000 உள்ளே 3.7 வோல்ட்டில் எழுதினது, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும்போது சுமார் 31 மிஞ்சும். போன் பேட்டரி 19 வாட்-மணி, சூடாகப் போவதையும் சேர்த்து 22 கேட்கும். ஆக ஒன்றரைக்கும் குறைவு. பெட்டியின் பின்னால் ரேட்டட் கெபாசிட்டி என்று சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், உண்மை அதில் இருக்கிறது. பக்கத்திலேயே ஆர் என்று தொடங்குகிற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் நிஜமா என்று தெரிந்துவிடும். பர்மா பஜார் பக்கம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்து காட்டினால் பெரிய உதவி.

மெல்லிசு போன் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர், கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8. கையில் பிடித்து நீங்கள் வியந்ததில் தப்பில்லை. ஆனால் ஏர் மாடலில் சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும். இதை வெறும் வசதியாகவே சொல்லிவிட்டுப் போனீர்கள். டிஸ்ப்ளே செத்த போனிலிருந்து பிளாஸ்டிக் சிம்மை ஒரு ஊசி விட்டு எடுத்து, ஒரு பட்டன் போனில் போட்டால் அடுத்த நிமிஷமே ஓடிபி வரும். இ-சிம் என்றால் அது செத்த போனுக்குள் மாட்டிக்கொண்டது. வேறு போனுக்கு மாற்ற டெலிகாம் கம்பெனியின் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும், அந்த ஓடிபி போவதும் பெரும்பாலும் அதே எண்ணுக்குத்தான். எண்ணை நம்பி வியாபாரம் செய்கிறவர்களுக்கு அன்றைய வருமானமே பேஜாராகிவிடும். இ-சிம் வைத்திருப்பவர்கள் டெலிகாம் கணக்கில் மின்னஞ்சலைப் பதிந்து வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள்.

200 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுக்கிற படம் 12.5 மெகாபிக்சல்தான், பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்துவிடும். 8+8 ஜிபி ரேமில் இரண்டாவது 8, ஸ்டோரேஜில் கடன் வாங்கினது. ரேமின் வேகம் அதற்கு வராது, அதைக் கூட்டி 16 என்று சொல்லாதீர்கள்.

5ஜி வேகத்தை மொட்டைமாடியில் அளந்து காட்டுகிறீர்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளத்து உள்ளறையில், கதவைச் சாத்திவிட்டு அளந்து பாருங்கள். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், 700 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வரும். ஜியோ 5ஜிக்கு இந்த 700ஐயும் பயன்படுத்துகிறது, போனில் அதற்கான 5ஜி பேண்ட் 28 இருந்தால்தான் அது கிடைக்கும். சிக்னல் இழுபறியில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவி பேட்டரியைக் குடிக்கும். வீட்டுக்குள் இருக்கும்போது நெட்வொர்க் வகையை எல்டிஇ, அதாவது 4ஜி, என்று மாற்றிவைக்க ஒரு வரி சொல்லிக் கொடுங்கள்.

ஏஐ செய்திகளில் ஒன்று உறுத்துகிறது. 2025 ஜூலையில் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஒரு வருஷம் இலவசமாகத் தந்தது, அக்டோபர் கடைசியில் ஜியோ ஜெமினியை 18 மாதத்துக்கு அறிவித்தது, நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இலவசம் என்று வந்தது. எப்படி வாங்குவது என்று அத்தனை பேரும் வீடியோ போட்டீர்கள். எப்படி நிறுத்துவது என்று போட்டவர்கள் குறைவு. கார்டோ யுபிஐயோ பதியச் சொல்கிற சலுகையில் ஆட்டோபே உட்கார்ந்துகொள்ளும், இலவசம் முடிந்த அன்றே காசு போகும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் தொட்டு, ரத்து செய்து, பின் போட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை, அதையும் ஒரு வீடியோவாக்குங்கள். அதே மாதிரி, போன் காணாமல் போனால் என்ன செய்வது என்பதும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பைப் புது போன்களில் கட்டாயமாக்கிய உத்தரவு 2025 டிசம்பர் தொடக்கத்தில் பெரிய சத்தமாகி, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போன விஷயம், திருடுபோன போனை ஐஎம்இஐ (போனுக்கு உரிய தனி அடையாள எண்) வைத்து முடக்குகிற வசதி அந்தத் தளத்தில் முன்பிருந்தே இருக்கிறது என்பது. *#06# அடித்து இரண்டு ஐஎம்இஐயையும் ஒரு காகிதத்தில் எழுதி, பில்லோடு வைத்தால் போதும். போலீஸ் புகார் நகலும் அதே எண்ணில் வாங்கின டூப்ளிகேட் சிம்மும் சேர்ந்தால் முடக்கிவிடலாம்.

கடைசியாக, எங்களுக்கு மிக முக்கியமானது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்கிற போனுக்கு உதிரிப் பாகங்கள் விற்பனை நிறுத்தின பிறகும் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட் குறைந்தது ஐந்து வருஷம் வர வேண்டும், பேட்டரி 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டம். பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்று பெட்டியிலேயே தர எழுத்தும் உண்டு. இந்தியாவில் இதே மாதிரி ஒரு குறியீட்டுக்கு மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அந்த எண் பெட்டியில் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே ஆரம்பிக்கலாம். பல கம்பெனிகள் உதிரிப் பாக விலையைத் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு, பின்மூடி, இந்த நாலு விலையையும் வீடியோவின் கடைசி நிமிஷத்தில் திரையில் காட்டுங்கள். டிஸ்ப்ளே விலை போன் விலையில் பாதியைத் தாண்டினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை போடாத கம்பெனி என்றால், போடவில்லை என்று சொல்லுங்கள்.

உப்புத்தண்ணீர் சோதனைக்குப் பழைய போன்கள் வேண்டுமென்றால் எங்களிடம் மூட்டையாகக் கிடக்கின்றன. பிரித்துக் காட்ட மேசை, மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இருக்காது. காசிமேட்டு ஏலத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் விடியுமுன்னே வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை போன் சர்வீஸ் மேசைகளிலிருந்து சிலர்